ஹர்ஷிணிக்குத் தெரிவதற்கு முன்பே

லோகப்பிரியா கோயம்புத்தூருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மருத்துவ ஆய்வகப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது. முற்பகலில் வகுப்பு, மதியத்துக்கு மேல் மருத்துவமனை லேபில் வேலை. ரத்தம் எடுப்பதில் இருந்து முடிவைச் சரிபார்ப்பது வரை ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு மாதம் நிற்க வேண்டும்.

ஊரில் அந்தப் படிப்புக்குச் சரியான பெயர் கிடையாது. தாராபுரத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே தோட்டத்து வீடு. அப்பா கந்தப்பனுக்குத் தென்னையும் நான்கு கறவை மாடுகளும். லோகப்பிரியா நீட் பரீட்சையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் மார்க் போதாமல் போனபிறகுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தாள். கல்யாண வீட்டில் யாராவது, "புள்ள என்னங்க படிக்குது?" என்று கேட்டால் கந்தப்பன், "ஆஸ்பத்திரிப் படிப்புங்க" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அம்மா கனகம் அந்தளவுக்குக்கூட மறைக்க மாட்டாள். "ரத்தம் எடுக்கற படிப்பு" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும். அந்த இறக்கம் லோகப்பிரியாவுக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும்.

அந்த வருடம் ஆடி முடிந்து ஆவணி பிறந்த முதல் சனிக்கிழமை. வகுப்பு இல்லாத சனிக்கிழமைகளில் காலையில் ரத்தம் எடுக்கும் அறையிலும் உதவ வேண்டும். ரத்தம் எடுக்கும் அறையில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தவளைப் பார்த்து லோகப்பிரியா எழுந்துவிட்டாள். ஹர்ஷிணி. ஊரில் இரண்டு தோட்டம் தள்ளி இருக்கும் பங்காளி வீட்டுப் பெண். அப்பா இல்லை. அம்மா செல்லாத்தாள் மாடு கறந்து, பால் ஊற்றி, ஒற்றையாளாக அவளைப் படிக்க வைத்தாள். இப்போது ஹர்ஷிணி தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"லோகு! நீ இங்கயா இருக்கற?" என்று ஹர்ஷிணி சத்தமாகவே கேட்டாள். "மூக்குல சதை வளர்ந்திருக்குதாமா. ஆபரேஷன் பண்ணோணும்னு சொல்லிட்டாங்க. நிச்சயத்துக்கு முன்னாடி முடிச்சுப்போடலாம்னு வந்தேன்."

"உக்காருங்கக்கா. கையைக் காட்டுங்க."

"ஊசின்னாலே எனக்கு உசுரு போயிரும். தெரிஞ்ச புள்ள நீ இருக்கறது எவ்வளவு தைரியமா இருக்குது தெரியுமா?" என்று சொல்லிவிட்டு ஹர்ஷிணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. "அட, ஒண்ணுமே தெரியல" என்று சிரித்தாள். போகும்போது லோகப்பிரியாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அறுவை சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் சில கிருமிகளுக்கான சோதனை செய்வது வழக்கம். மதியம் லோகப்பிரியாவுக்கு அந்தச் சோதனை மேசையில்தான் வேலை. சின்ன அட்டையில் சொட்டு விட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை. இரண்டு வந்தால் கிருமி இருக்கலாம். ஹர்ஷிணியின் அட்டையில் ஹெபடைடிஸ் பி என்ற இடத்தில் இரண்டாவது கோடு மெதுவாக ஏறி வந்தது.

மூத்த டெக்னீஷியன் அப்துல் முத்தலிப் வந்து அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உக்கடத்துக்காரர். இருபத்தாறு வருடமாக லேபில் இருக்கிறார். அதிகம் பேசாதவர். "எலைசாவுல போடு" என்றார். அது இன்னும் துல்லியமான சோதனை. சாயந்திரம் அதிலும் உறுதியாகிவிட்டது.

"தெரிஞ்ச பொண்ணாம்மா?" என்று கேட்டார். லோகப்பிரியாவின் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"எங்க ஊருங்க சார்."

"அப்படின்னா இதை இங்கயே மறந்துரு. ரிப்போர்ட் டாக்டர் கைக்குத்தான் போகும். செவ்வாக்கெழமை அவர் கூப்பிட்டு உக்கார வெச்சு, என்ன ஏதுன்னு பதமாச் சொல்லுவார். அதுவரைக்கும் அந்தப் பொண்ணுக்கே தெரியாது."

"சரிங்க சார்" என்றாள். முதலாண்டிலேயே இதற்கெல்லாம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் ஒருமுறைகூட அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். பேச்சு முழுக்க ஹர்ஷிணியின் நிச்சயம்தான். மாப்பிள்ளை நிதீஷ், ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குடும்பம். நிதீஷின் அப்பா கனகத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சம்பந்தத்தைச் சொல்லிவிட்டதே கனகம்தான்.

"சேலை எடுக்கப் பத்துப் பேர் போறாங்களாமா. செல்லாத்தாளுக்குக் காலு தரையில நிக்கல. இருக்காதா பின்ன? எம்.எஸ்சி., பி.எட். படிச்ச புள்ள. எல்லாருகிட்டயும் டீச்சர் டீச்சர்னு சொல்லிக்கிறா. என்னையக் கேட்டா நான் என்னன்னு சொல்றது? எம் புள்ள ரத்தம் எடுக்குதுன்னா?"

லோகப்பிரியா கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் பிழிந்தாள்.

"ரத்தம் எடுக்கறதுன்னா உங்களுக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சுங்களாம்மா? நாங்க சொன்னாத்தான் டாக்டருக்கே தெரியும். உங்க டீச்சரம்மா ஒடம்புல என்ன இருக்குதுன்னு அவங்களுக்கே இன்னும் தெரியாது. எனக்குத் தெரியும்."

சொன்னவுடனே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கம் கனகம் குரலை மாற்றிக்கொண்டு, மிகவும் மெதுவாக, "என்ன கண்ணு? என்ன இருக்குது?" என்று கேட்டாள். அம்மா அந்தக் குரலில், தன்னிடம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டி, கேட்டதே இல்லை. லோகப்பிரியாவுக்கு அது பிடித்திருந்தது. அதுதான் உண்மை. பின்னாட்களில் எதை நினைத்து அவள் மிகவும் கூசினாளோ அது இதுதான்.

சொன்னாள். மஞ்சள் காமாலைக் கிருமி, ரத்தத்தில் இருக்கிறது, ஈரலைப் பாதிக்கலாம், கட்டிக்கிறவனுக்கும் வரலாம் என்று படித்ததையெல்லாம் சொன்னாள். தடுப்பூசி போட்டுக்கொண்டால் கணவனுக்கு வராது என்பதும், பல பேர் வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அவற்றைச் சொல்லத் தோன்றவில்லை.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கம்மா."

"நான் யாருகிட்டச் சொல்றேன்?" என்றாள் கனகம்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, வகுப்புக்கு நடுவில், மறுபடி அழைப்பு வந்தது. லோகப்பிரியா வராந்தாவுக்கு வந்து எடுத்தாள்.

"அண்ணிகிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மணி. மனசு கேக்கல. நாஞ் சொல்லி வெச்ச சம்பந்தம். நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒண்ணுன்னா என்னையத்தான கேப்பாங்க? அவங்க நேத்துப் பொழுதோட செல்லாத்தாளுக்குப் போன் பண்ணி, வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்களாமா."

"நேத்தா? நேத்துத்தானம்மா டாக்டர் அக்காவுக்கே சொல்லியிருப்பார்!"

"அது என்னமோ, டாக்டரு நேத்து வரலையாமா. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்களாமா."

ஹர்ஷிணிக்குத் தன் உடம்பில் இருப்பது, கல்யாணத்தை நிறுத்திவிட்டவர்களின் வாயிலிருந்துதான் தெரிந்திருக்கிறது. டாக்டர் பதமாகச் சொல்வார் என்று முத்தலிப் சார் சொன்னது காதில் கேட்டது. உள்ளே வகுப்பில் பேராசிரியர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த தோழி ரூபினா, "ஏன் ஒரு மாதிரி இருக்கற?" என்று கேட்டதற்கு, "தலைவலி" என்றாள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி அப்பாவே கூப்பிட்டார். ஈரோட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் பஸ் ஏறி, பல்லடம் வழியாக, ஜன்னல் ஓரத்தில் ஒன்றும் பார்க்காமல் உட்கார்ந்து போனாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. நிதீஷின் அப்பாவும் அம்மாவும் மட்டும். தாம்பாளத்தில் பழம், பூ, ஒரு பட்டுச்சேலை. நிதீஷின் அம்மா உள்ளே வந்ததும் லோகப்பிரியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எங்க குடும்பம் என்ன ஆயிருக்கும் கண்ணு? எங்க கொலசாமிதான் உன்னைய அந்த ஆஸ்பத்திரியில உக்கார வெச்சிருக்குது."

"நான் ஒண்ணும் பண்ணலைங்கத்தை."

"அடக்கத்தப் பாருங்க" என்று அந்த அம்மாள் கந்தப்பனிடம் திரும்பிச் சிரித்தாள். கந்தப்பன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மகளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நாங்கூட என்னமோ படிப்புன்னு நெனச்சேனுங்க. இப்பத்தான இதோட அருமை தெரியுது" என்றார். மூன்று வருடத்தில் அவர் அந்தப் படிப்பைப் பற்றி நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

காபி குடித்து முடித்தபின் நிதீஷின் அம்மா விஷயத்துக்கு வந்தாள். "எங்க ஊட்டுக்கு இந்த மாதிரி வெவரமான புள்ளதான் வேணும். படிப்பு முடியட்டும். ஒண்ணும் அவசரமில்ல. ஜாதகத்த மட்டும் குடுத்து வையுங்க. மொறைப்படியும் ஒத்துத்தான வருது?"

கனகம் முகம் மலர்ந்து மகளைப் பார்த்தாள். அந்தச் சேலை ஹர்ஷிணிக்கு எடுத்ததாக இருக்குமோ என்று லோகப்பிரியாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்கட்டு வழியாக மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் போனாள்.

அங்கிருந்து வண்டித்தடம் தெரியும். செல்லாத்தாள் பெரியம்மா தலையில் சும்மாடும் கையில் பால் கேனுமாக வந்துகொண்டிருந்தாள். பால் ஊற்றிவிட்டு வருகிறவள் கேனை ஆட்டிக்கொண்டு வருவாள். இவள் ஒருபக்கமாகச் சாய்ந்து, இரண்டடிக்கு ஒருமுறை கை மாற்றி நடந்தாள். கேன் நிறைந்திருந்தது. வெள்ளைக் காரைப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். வைக்கோல்போருக்குப் பின்னால் நின்றிருந்த லோகப்பிரியாவை அவள் பார்க்கவில்லை.

கார் போனபின், "பெரியம்மா ஏம்ப்பா பாலைத் திருப்பிக் கொண்டுட்டுப் போறாங்க?" என்று கேட்டாள்.

"பால் சொசைட்டியில வேண்டாம்னுட்டாங்க அம்மணி. எல்லார் பாலோடயும் கலக்கற பாலு. நாலு பேரு பயப்படத்தான செய்வாங்க? அந்தப் புள்ளயவும் பள்ளிக்கூடத்துல கொஞ்ச நாளைக்கு லீவுல இருக்கச் சொல்லிட்டாங்களாமா."

"பால்ல எல்லாம் அது வராதுங்கப்பா!"

"எனக்கென்ன தெரியும்? காமாலைன்னா ஒட்டிக்கும்னுதான ஊர்ல சொல்லுவாங்க."

அன்றைக்கே அவள் ஹர்ஷிணி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். முந்நூறு அடி தூரம்தான். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குப் போகும்போதுகூட, அந்த வீட்டு வாசலைக் கடக்க வேண்டியிருக்கும் என்பதற்காக வாய்க்கால் மேட்டில் சுற்றிக்கொண்டு போனாள். செருப்பெல்லாம் சேறு.

திங்கட்கிழமை லேபில் அவள் இரண்டு சொட்டு விட வேண்டிய அட்டையில் நான்கு விட்டாள். முத்தலிப் சார் பார்த்துவிட்டு, "என்ன?" என்றார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நின்றுகொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"அட்டையை உன் கையிலயே விட்டேன். பசங்க கத்துக்கட்டும்னு. என் தப்பு."

"சார், உங்க தப்பு இல்லீங்க சார்."

"மெமோ எனக்கும்தான் வரும். அதை விடு. ஒருவேளை முடிவு தப்பா இருக்கும், திரும்பப் பார்க்கலாம்னு சொல்லுவேன்னு நெனச்சு வந்தியா?"

அவள் அப்படி நினைத்திருந்தாள். தலையாட்டினாள்.

"தப்பா இல்ல. சரியான முடிவுதான். நீ சொன்னது அத்தனையும் நெசம். அதனாலதான் உனக்குத் திருத்திக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல." அவர் கோபமாகப் பேசியிருந்தால் தேவலை போல இருந்தது. "துறைத்தலைவர்கிட்ட நீயா போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவளே போனாள். இரண்டு நாளில் விசாரணை முடிந்தது. லேப் பணியிலிருந்து அவளை நிறுத்தினார்கள். அந்தக் கடைசிப் பருவத்துப் பணி நேரம் முழுவதையும் ஆறு மாதம் கழித்து மறுபடி செய்ய வேண்டும், வகுப்புத் தோழர்கள் முடித்துப் போனபின் தனியாக. நோயாளிக்கு நடந்ததைத் தெரிவித்து, நிர்வாகம் மன்னிப்புக் கடிதம் அனுப்பும் என்றார்கள். "கடிதத்துல என் பேர் இருக்குமுங்களா?" என்று கேட்டாள். "மாணவர் ஒருவர் என்று இருக்கும்" என்றார் துறைத்தலைவர். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். பெயர் வராது என்றதும் தனக்குள் ஒரு நிம்மதி வந்ததை அவளே பார்த்துவிட்டாள். அதற்கும் சேர்த்து அழுதாள்.

ரூபினா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நீ போய் அந்த அக்காவைப் பாரு, லோகு."

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?"

"இருக்கற மூஞ்சியோட போ. வேற என்ன பண்ணுவ?"

மறுநாள் காலையிலேயே கிளம்பினாள். ஊரில் இறங்கும்போது மணி இரண்டு. வீட்டுக்குப் போகாமல் நேராக ஹர்ஷிணி வீட்டுக்குப் போனாள். செல்லாத்தாள் தோட்டத்தில் தீவனம் அறுத்துக்கொண்டிருந்தாள். ஹர்ஷிணி முன் அறையில் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். திருப்பி அனுப்புவதற்காக இருக்க வேண்டும். கட்டுக்கட்டாகக் கயிறு போட்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"அக்கா, நாந்தான் சொன்னேன்."

"தெரியும்."

"என்னைய மன்னிச்சிருங்கக்கா."

ஹர்ஷிணி ஒரு கட்டைத் தூக்கி ஓரமாக வைத்தாள். "அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவுக்குப் போன் வந்துச்சு. பேசிட்டு இருக்கும்போதே அம்மா என்னையப் பார்த்த பார்வை இருக்குதே. போனை வெச்சுப்போட்டு, உனக்கு என்னடி நோவு, எங்கிட்ட ஏன் மறைச்சேன்னு கேட்டுச்சு. எனக்கு என்னன்னே தெரியல. பன்னண்டு வருஷமா ஒத்தையில என்னைய வளர்த்தது, லோகு. அது என்னைய ஒரு கணம் சந்தேகமாப் பார்த்துச்சு. எங்க போய்ப் பழகி வாங்கிட்டு வந்தாளோன்னு."

லோகப்பிரியா கதவு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் சொன்னாரு, பொறந்தப்பவே வந்திருக்கலாம், அம்மாவுக்கே இருக்கலாம்னு. இப்ப ஈரல் நல்லா இருக்குதாமா. மருந்துகூட வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போனாப் போதும்னாரு. ஆபரேஷனும் பண்ணிக்கலாமாமா. கட்டிக்கிறவங்க ஊசி போட்டுக்கிட்டா ஒண்ணும் பயமில்லைன்னாரு. இதையெல்லாம் நானே நிதீஷ்கிட்டச் சொல்லியிருப்பேன். வேண்டாம்னு சொல்றதா இருந்தா அவர் எங்கிட்டச் சொல்லியிருப்பார். அவ்வளவுதான் முடிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்."

"அக்கா..."

"அவங்க ஊட்டுக்கு நீ போகப்போறியாமா?"

"இல்லீங்கக்கா! சத்தியமா இல்ல. நான் கேக்கவே இல்ல."

"ஊர்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க. அதுக்காகத்தான் சொன்னேன்னு." ஹர்ஷிணி முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "உன்னைய நெனச்சு எனக்குப் பாவமாக்கூட இருந்துச்சு. நாலு நாளு. அப்புறம் அம்மா பாலைக் கொண்டாந்து வாய்க்கால்ல ஊத்துச்சு. அதுக்கப்புறம் இல்ல."

வெளியே மாடு கத்தியது. ஹர்ஷிணி எழுந்தாள்.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சொசைட்டியில எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து சொல்லு. பால்ல வராது, தொட்டா வராது, ஒண்ணா உக்காந்து சோறு தின்னா வராதுன்னு சொல்லு. நாஞ் சொன்னா எவனும் நம்ப மாட்டான். நீதான படிச்சவ? நீ சொன்னதத்தான எல்லாரும் நம்புனாங்க?"

ஐந்து மணிக்குப் பால் சொசைட்டி முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். கேன்கள் வரிசையாக இருந்தன. செயலாளர் நரசிம்மலு பாலின் தரம் பார்க்கும் மானியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கந்தப்பனும் வரிசையில் நின்றார். மகள் ஊரில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"நீ எப்ப வந்த கண்ணு?"

அவள் முன்னால் போய் நின்றாள். வகுப்பில் கருத்தரங்கம் எடுப்பதற்கே நடுங்குகிறவள்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லோணுமுங்க. ஹர்ஷிணி அக்கா விஷயத்த எங்க ஊட்டுல சொன்னது நாந்தானுங்க. லேப்ல தெரிஞ்சத வெளிய சொல்லவே கூடாது. நான் சொல்லிப்போட்டேன். அதுக்காகக் காலேஜ்ல என்னைய நிறுத்தி வெச்சிருக்காங்க."

யாரோ, "ஏனுங்க கந்தப்பண்ணா, என்னங்க இது?" என்றார்கள்.

"அந்தக் கிருமி ரத்தத்துலதானுங்க பரவும். பால்ல வராது. அதுவும் பாலு மாட்டோடது, மனுசரோடது இல்லீங்க. தொட்டா, பேசுனா, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சாகூட வராதுங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கும் வராது. அவங்களுக்கெல்லாம் பொறந்தப்பவே ஊசி போட்டிருக்கும். பெரியவங்களும் வேணும்னா போட்டுக்கலாமுங்க."

"அப்புறம் எதுக்குங்க ஈரோட்டுக்காரங்க வேண்டாம்னாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். "உனக்கு அந்தச் சம்பந்தம் பேசறதுக்குத்தானே?"

சிலர் சிரித்தார்கள். லோகப்பிரியா அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "எனக்கு அந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க. அத்தைகிட்ட நானே போன்ல சொல்லிடறேனுங்க. நான் சொன்னது எதுக்குன்னா..." நிறுத்தினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கும் ஒண்ணு தெரியும்னு காட்டிக்கத்தானுங்க சொன்னேன். வேற எதுக்கும் இல்லீங்க."

கந்தப்பன் தன் கேனை எடுத்துக்கொண்டு, பாலை ஊற்றாமலே, வரிசையை விட்டு விலகி நடந்தார். நரசிம்மலு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "சரிங்க, கேட்டுக்கிட்டோம். வரிசையில வாங்க" என்றார். அன்றைக்குச் செல்லாத்தாளின் பாலை வாங்கவில்லை. மூன்றாம் நாள் வாங்கினார்கள். அதுவும் தாராபுரம் அரசு மருத்துவமனை டாக்டரிடம் நரசிம்மலு தானே கேட்டுக்கொண்டு வந்தபின்தான். பள்ளிக்கூடத்தில் ஹர்ஷிணியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள இன்னும் ஒரு மாதம் ஆனது. நிதீஷ் வீட்டார் திரும்பி வரவில்லை.

வீட்டில் கனகம் நான்கு நாள் அழுதாள். "ஊர் முன்னாடி எங்களத் தலை குனிய வெச்சுப்போட்டயே" என்றாள். பிறகு ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பட்டுச்சேலையைப் பார்சல் கட்டி ஈரோட்டுக்கு அனுப்பிவிட்டாள். கந்தப்பன் மகளிடம் பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார். படிப்பைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார்.

ஆறு மாதம் கழித்து, மாசியில், லோகப்பிரியா மறுபடி பணிக்கு வந்தாள். அவளோடு படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். ரூபினா மட்டும் அதே மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள். முத்தலிப் சார் முன்போலவே வேலை சொல்லிக்கொடுத்தார். முடிவுத்தாள்களை மட்டும் அவள் பக்கம் கவிழ்த்து வைத்தார். அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்கும் அறையில் அவள் கூப்பிட்ட டோக்கனுக்குச் செல்லாத்தாள் வந்தாள். பின்னால் வராந்தாவில் ஹர்ஷிணி நின்றிருந்தாள். அவள் தன் ஆறு மாதப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும். அம்மாவையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பார். ஹர்ஷிணி உள்ளே பார்த்தாள். பிறகு கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினாள்.

லோகப்பிரியா எழுந்து நின்றாள். "வாங்க பெரியம்மா. உக்காருங்க."

செல்லாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைத் தோளோடு போர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். கையை நீட்டவில்லை.

"இங்க வேற ஆளு இல்லீங்களா?" என்றாள். கோபம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஊர் பெயர் தெரியாத ஒருவரிடம் வழி கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள்.

"இருக்காங்க பெரியம்மா."

லோகப்பிரியா பக்கத்து அறைக்குப் போய் ரூபினாவை அழைத்து வந்தாள். தான் எழுதி ஒட்டியிருந்த லேபிளைச் சரிபார்த்து, குழாயை ரூபினாவின் கையில் கொடுத்துவிட்டு, திரைக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே ரூபினா ஏதோ சொல்ல, செல்லாத்தாள் மெதுவாகச் சிரிப்பது கேட்டது. வராந்தாவில் ஹர்ஷிணி நான்கடி தூரத்தில் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. லோகப்பிரியா அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள்.

பெரியம்மாவின் ரத்தத்தில் என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியாது. ரூபினாவுக்குத் தெரிந்திருக்கும். அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.